தீம் டெக் எண்டா என்ன? ரோஹான் டெக் ஒண்டைக் கட்டிப் பார்ப்பம்

காட்ஸ் எண்டு சொன்னா எங்கட ஆக்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது 304 தான். அதில முன்னுக்கு இருக்கிறவர் உங்கட கூட்டு, ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க எதிரி, துரும்பு யார்ட்ட எண்டு தலையைப் பிச்சுக்கொண்டு விளையாடுவம். இப்ப மேசையில இருக்கிற நாலு பேருமே ஒரே பக்கம் எண்டு வச்சுக்கொள்ளுங்க, எதிரி ஒரு ஆளே இல்லை, நடுவில கவிழ்த்து வச்சிருக்கிற ஒரு காட் கட்டு தான் எதிரி, அதில இருந்து ஒவ்வொரு ரவுண்டும் பூதமும் சிலந்தியும் காடும் ஆறும் வந்துகொண்டே இருக்கும், எல்லாரும் சேர்ந்து தப்போணும். கோஒப் காட் கேம் எண்டா இவ்வளவு தான்.

இதில நல்லாப் பேர் எடுத்த ஒண்டு ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்: த காட் கேம்’. ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2011ல வெளியிட்டது, பிறகு 2022ல திருத்தின கோர் செட், அதாவது அடிப்படைப் பெட்டி, ஒண்டும் வந்தது. தனியவும் விளையாடலாம், நாலு பேர் வரைக்கும் சேரலாம். உள்ளுக்கு என்ன வரும் எண்டு தெரியாம பாக்கெட் பாக்கெட்டா வாங்கிற வேலை இதில இல்லை, ஒரு பெட்டியில என்ன காட் இருக்கு எண்டு முதலே தெரியும், எல்லாப் பெட்டியிலயும் அதே தான். அதால காசு குறைய எண்டு நினைச்சிடாதீங்க, பெட்டி கனக்க இருக்கு.

டெக் எண்டா விளையாட முன்னமே நீங்க வீட்டில இருந்து தெரிஞ்சு அடுக்கிக்கொண்டு வாற உங்கட சொந்தக் கட்டு. குறைஞ்சது 50 காட், ஒரே பேர்ல மூண்டுக்கு மேல வைக்க ஏலாது. இதுக்கு வெளியில ஒண்டில இருந்து மூண்டு வரைக்கும் ஹீரோ, அவங்க தொடக்கத்தில இருந்தே மேசையில நிப்பாங்க. ஒவ்வொரு ஹீரோவுக்கும் ரவுண்டுக்கு ஒரு ரிசோர்ஸ் கிடைக்கும், அதைக் குடுத்துத் தான் கையில இருக்கிற கூட்டாளி, ஆயுதம், ஈவென்ட் எல்லாம் இறக்கிறது. தொடங்கேக்க கையில ஆறு காட், பிறகு ரவுண்டுக்கு ஒண்டு. ரூல் புக்கில இன்னும் கனக்க இருக்கு, ஆனா டெக் கட்ட இவ்வளவும் காணும், மிச்சத்தைப் போற வழியில சொல்றன்.

சரி, தீம் டெக்.

ரோஹான் எண்டா அந்தக் கதையில வாற குதிரை வீரர்ட நாடு. புதுசா வாற ஆக்கள் முதல்ல செய்யிறது, காட்டில ‘ரோஹான்’ எண்டு எழுதியிருக்கிற எல்லாத்தையும் எடுத்து ஒரு கட்டாக் கட்டுறது. குதிரைப் படம் இருக்கா, உள்ளுக்கு போடு. பார்க்க வடிவா இருக்கும், ரெண்டாவது ரவுண்டில செத்துப்போகும். ஏனெண்டா அந்த ட்ரெயிட், அதாவது காட்டில தடிச்ச எழுத்தில போட்டிருக்கிற இனப் பேர், வெறும் லேபிள் தான். அந்த இனத்து ஆக்கள் மேசையில *என்ன பழக்கத்தோட* இருக்கிறாங்க எண்டு பார்க்கோணும். இந்த கேமை டிசைன் பண்ணின ஆக்கள் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம் வச்சிருக்கிறாங்க, அதைப் பிடிச்சா டெக்கில பாதி முடிஞ்சுது.

ட்வார்ஃப் ஆக்களை எடுங்க. அவங்கட பலம் கூட்டம். டெயின் அயர்ன்ஃபுட் எண்ட ஹீரோ களைச்சுப் போகாம (ஒரு வேலை செய்த காட்டைப் பக்கவாட்டில திருப்பி வைக்கிறது தான் களைப்பு) சும்மா நிண்டாலே மேசையில இருக்கிற அத்தனை ட்வார்ஃபுக்கும் அட்டாக்கில ஒண்டு, பயணத்துக்கு உதவுற வில்பவர்ல ஒண்டு கூடும். தோரினும் ஓரியும் ஐஞ்சு ட்வார்ஃப் சேர்ந்தா தான் கூட ரிசோர்ஸும் கூடக் காட்டும் தருவாங்க. அப்ப ட்வார்ஃப் டெக்கில உங்கட ஒரே கவலை கெதியா ஐஞ்சு பேரைச் சேர்க்கிறது. சில்வன் எல்ஃப் ஆக்கள் மேசைக்கு வந்து திரும்பக் கைக்குப் போய் மறுபடி வருவாங்க, வாற ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு நன்மை. நோல்டோர் கையில இருக்கிற காட்டைக் கழிச்சுப் போட்டு அதில லாபம் பார்க்கிற ஆக்கள். என்ட் மரங்கள் களைச்ச நிலையில தான் மேசைக்கே வரும், முதல் ரவுண்ட் ஒண்டுக்கும் உதவாது, ஆனா குடுத்த காசுக்கு நல்ல உடம்பு. ஹொபிட் ஆக்கள் தங்களை விடப் பெரிய எதிரியோட வலியப் போய்க் கொழுவினா தான் பலம் பெறுவாங்க, எனக்குப் பிடிச்ச டிசைன் அது.

ரோஹான்? வந்து ஒரு வேலை செய்திட்டுப் போற ஆக்கள். அவங்க *போறது* தான் பலம். இதை நல்லா மனசில வச்சுக்கொள்ளுங்க, கீழ வாற எல்லாம் இதில இருந்து தான்.

ஹீரோ மூண்டு பேர் எடுப்பம். ஏயோவின், ஸ்பிரிட் நிறம் (நாலு நிறத்தில ஒண்டு, கீழ சொல்றன்), வில்பவர் நாலு, கையில இருந்து ஒரு காட் கழிச்சா ரவுண்டுக்கு ஒருக்கா இன்னொண்டு கூடும். ஏயோமர், டெக்டிக்ஸ் நிறம், அட்டாக் மூண்டு, எந்த கேரக்டராவது (ஹீரோவோ கூட்டாளியோ) மேசையை விட்டுப் போனா அந்த ரவுண்ட் முடியிற வரைக்கும் அட்டாக் ரெண்டால கூடும், ரவுண்டுக்கு ஒருக்கா. மூண்டாவது டூன்ஹேரே, ஸ்பிரிட், அட்டாக் ரெண்டு, தனியப் போய் அடிச்சா இன்னும் எங்களோட மோதாத எதிரியையே அடிக்கலாம், அப்பிடி அடிக்கேக்க ஒண்டு கூடும்.

ஹீரோ ஒவ்வொருத்தருக்கும் ஒரு த்ரெட் எண் இருக்கு. இவங்களுக்கு 9, 10, 8. கூட்டினா 27. இது தான் உங்கட தொடக்க த்ரெட், ஒவ்வொரு ரவுண்டும் ஒண்டு கூடும், 50க்கு வந்தா நீங்க அவுட். புதுசா விளையாடுறவங்க 50 எண்ட எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாங்க, உண்மையில முதல் கொஞ்ச ரவுண்டில முக்கியமான எண் வேற. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு எண் இருக்கு, உங்கட த்ரெட் அந்த எண்ணுக்கு வந்தா அவன் உங்களைத் தேடி வருவான், அதுவரைக்கும் நடுவில ஸ்டேஜிங் ஏரியாவில சும்மா நிண்டு முறைச்சுக்கொண்டிருப்பான்.

கோர் செட்டில ரெண்டாவது சினாரியோ, அதாவது விளையாடுற கதை, ஆண்டுயின் ஆற்றுப் பயணம், அதில ஹில் ட்ரோல் எண்டு ஒருத்தன். அவன்ர எண் 30. அட்டாக் 6, டிஃபென்ஸ் 3, ஹிட் பொயின்ட், அதாவது உயிர், 9. கோர் செட்டில லோர் நிற ஹீரோ மூண்டு பேரையும் ஒண்டாப் போட்டா தொடக்கமே 30, முதல் ரவுண்டிலயே வந்து கழுத்தைப் பிடிப்பான். லீடர்ஷிப் மூண்டு பேர் 29, ரெண்டாவது ரவுண்ட். எங்கட ரோஹானுக்கு 27, அதால குவெஸ்டில, அதாவது ரவுண்டுக்கு ஒருக்கா வாற பயணக் கட்டத்தில, சொதப்பாட்டி மூண்டு ரவுண்ட் முழுசாக் கிடைக்கும், நாலாவதில தான் வருவான். ஹீரோவைத் தெரியிறதே நேரத்தை வாங்கிற வேலை, இதை ஒருத்தரும் முதல்ல சொல்லித் தாறதில்லை.

இப்ப அந்த நாலாவது ரவுண்டைப் பார்ப்பம், கணக்கோட.

முதல்ல குவெஸ்ட். அனுப்பிற ஆக்கள்ட வில்பவர் எல்லாத்தையும் கூட்டி நடுவில இருக்கிற காட்டுகள்ட த்ரெட்டோட ஒப்பிடுறது, எங்கட கூடினா பயணம் முன்னுக்குப் போகும், குறைஞ்சா எவ்வளவு குறையுதோ அவ்வளவு உங்கட த்ரெட்டில ஏறும். ஏயோவினை அனுப்பிறம், நாலு. அவளோட ‘எஸ்கோர்ட் ஃப்ரொம் எடோராஸ்’ எண்ட கூட்டாளி, வில்பவர் ரெண்டு, குவெஸ்டில போனா இன்னும் ரெண்டு, மொத்தம் நாலு. அப்ப எட்டு. நடுவில அஞ்சு இருக்கு எண்டு வைப்பம், மூண்டு முன்னேற்றம். குவெஸ்ட் முடிஞ்ச உடனே அந்த எஸ்கோர்ட் கழிக்கப்படுவான், அது அவன்ர காட்டிலயே எழுதியிருக்கு. மற்ற டெக்கில எண்டா இது நட்டம், ரெண்டு ரிசோர்ஸ் குடுத்த ஆள் ஒரு ரவுண்டில போயிட்டான். இங்க அவன் போனது ஏயோமருக்கு மணி அடிச்ச மாதிரி, மூண்டு அட்டாக் அஞ்சாகுது, அதுவும் சண்டை தொடங்க முன்னமே. ஒரே காட் குவெஸ்டுக்கும் உழைச்சு சண்டைக்கும் உழைச்சிட்டுது.

இப்ப ட்ரோல் வாறான், அட்டாக் 6. ஏயோமர் தடுத்தா? அவன்ர டிஃபென்ஸ் 2, ஹிட் பொயின்ட் 4. ஆறில ரெண்டு போனா நாலு, சரியாச் செத்துப்போவான். ஒரு சின்னக் கூட்டாளியை முன்னுக்கு விடலாம், குவெஸ்டுக்கு அனுப்பாம வச்சிருந்த ஆள், அவன் செத்தாலும் ரோஹானுக்குப் பரவாயில்லை எண்டு நினைப்பீங்க. ஆனா இந்த ட்ரோலுக்கு ஒரு கெட்ட பழக்கம், மிஞ்சின அடி எல்லாம் உங்கட த்ரெட்டில ஏறும். டிஃபென்ஸ் பூச்சியம், ஒரு ஹிட் பொயின்ட் இருக்கிற பெடியனை விட்டா அஞ்சு மிஞ்சும், 30 இருந்த த்ரெட் 35. ‘ஃபெயின்ட்’ எண்டு டெக்டிக்ஸில ஒரு ரிசோர்ஸ் ஈவென்ட் இருக்கு, போட்டா அந்த எதிரி அந்தக் கட்டத்தில அடிக்கவே ஏலாது. இந்த டெக்குக்கு அது மூண்டு கொப்பியும் கட்டாயம். ரோஹான் எண்டு அதில எழுதியில்லை, எழுதத் தேவையும் இல்லை.

பிறகு நாங்க அடிக்கோணும். ஏயோமர் 5, டூன்ஹேரே 2, ஏழு. டிஃபென்ஸ் மூண்டைக் கழிச்சா நாலு. ஒன்பதில நாலு போச்சு. டூன்ஹேரேயை முந்தின மூண்டு ரவுண்டும் தனிய அனுப்பி ட்ரோலை அடிச்சிருக்கலாம் தானே எண்டு கேப்பீங்க, கணக்குப் பாருங்க, 2ம் 1ம் மூண்டு, டிஃபென்ஸும் மூண்டு, ஒரு கீறலும் விழாது. கையில ஒரு ஆயுதம் குடுத்தா கதை வேற. இப்பிடி ஒரு எதிரியை வச்சு உங்கட டெக்கை உரசிப் பார்த்தா எங்க ஓட்டை எண்டு உடனே தெரியும், ரோஹானுக்கு ஓட்டை தடுக்கிற இடத்தில.

வேற எந்தக் கூட்டாளி? ‘வெஸ்ட்ஃபோல்ட் ஹோர்ஸ்-பிரேக்கர்’ கட்டாயம். அவனைக் கழிச்சா களைச்ச ஒரு ஹீரோ திரும்ப நிமிருவான். ரெண்டு எதிரி வந்து நிண்டா ஏயோமர் ஒருத்தனை அடிச்சு, ஹோர்ஸ்-பிரேக்கரைக் கழிச்சு நிமிர்ந்து, மற்றவனையும் அடிக்கலாம். ‘த ரிடர்மார்க்ஸ் ஃபைனஸ்ட்’ தன்னைக் கழிச்சு ஒரு இடத்துக் காட்டில ரெண்டு முன்னேற்றம் வைக்கும், ‘ரைட் டு ருயின்’ எண்ட ஈவென்ட் ஒரு ரோஹான் கூட்டாளியைப் பலி குடுத்து மூண்டு வைக்கும். பாருங்க, எல்லாமே போற ஆக்கள், எல்லாமே ஏயோமருக்கு மணி. ‘அஸ்டோனிஷிங் ஸ்பீட்’ மூண்டு ரிசோர்ஸ், ரோஹான் ஆக்கள் எல்லாருக்கும் அந்தக் கட்டத்துக்கு வில்பவர் ரெண்டு கூடும், மேசையில நாலைஞ்சு பேர் நிக்கேக்க போட்டா ஒரு கட்டத்தையே தாண்டலாம், ஆனா எங்கட ஆக்கள் மேசையில நிண்டு பிடிக்கிறதில்லையே, அதால நான் ஒண்டு, கூடினா ரெண்டு தான் வைப்பன்.

ரிசோர்ஸ் விஷயத்தில தான் கன பேர் சறுக்கிறது. நாலு நிறம் இருக்கு, லீடர்ஷிப் ஊதா, டெக்டிக்ஸ் சிவப்பு, ஸ்பிரிட் நீலம், லோர் பச்சை. நீலக் காட்டுக்கு நீல ஹீரோட்ட இருக்கிற ரிசோர்ஸ் தான் செல்லும். எங்கட டெக்கில ரவுண்டுக்கு ரெண்டு நீலம், ஒரு சிவப்பு. சிவப்பில மூண்டு ரிசோர்ஸ் ஆயுதம் ஒண்டு போடோணும் எண்டா ஏயோமர் மூண்டு ரவுண்ட் பட்டினி கிடக்கோணும், அதுக்குள்ள ஃபெயின்டுக்கும் காசு இருக்காது. அதால 50ல சிவப்பு ஒரு பன்னிரண்டுக்கு மேல போக விடாதீங்க, அதுவும் விலை ஒண்டு ரெண்டில. பெரிய விலைக் காட் எல்லாம் வடிவான படத்தோட வந்து ஆசை காட்டும், விட்டிடுங்க.

அடுத்தது, எத்தனை கொப்பி. 50 காட் டெக்கில ஒரு காட்டை மூண்டு வச்சா முதல் ஆறில அது ஒண்டாவது வாற சான்ஸ் கிட்டத்தட்ட 32 வீதம். பிடிக்காட்டி ஒருக்கா ஆறையும் திருப்பிக் கலக்கி வேற ஆறு எடுக்கலாம், அதையும் சேர்த்தா 54 வீதம். ஒரே ஒண்டு வச்சா முதல் கையில 12 வீதம் தான். 60 காட் கட்டினா மூண்டு கொப்பிக்கும் 28 வீதத்துக்கு இறங்கிடும். இது தான் எல்லாரும் 50லயே நில் எண்டு சொல்றதுக்குக் காரணம். தீம் டெக் கட்டுற ஆக்களுக்கு இது கஷ்டம், இந்தக் குதிரையும் வேணும் அந்தக் கொடியும் வேணும் எண்டு 58ல நிப்பாங்க. வெட்டுங்க.

யுனிக் காட், அதாவது பேருள்ள ஆள், பேருள்ள பொருள், மேசையில ஒண்டு தான் நிக்கலாம். மூண்டு வச்சா ரெண்டாவது கைக்கு வாறது வீண். ஆனா ஏயோவின் இருக்கிற டெக்கில அந்த வீண் காட்டைக் கழிச்சு வில்பவர் ஒண்டு எடுக்கலாம், அதால இங்க மூண்டு வைக்கப் பயப்பிடத் தேவையில்லை.

இப்ப சண்டை வாற கேள்வி, தீமுக்கு வெளியில எவ்வளவு எடுக்கலாம்? சில பேர் ஒண்டும் எடுக்க மாட்டன் எண்டு நிப்பாங்க, அவங்களுக்கு அது கோயில் விரதம் மாதிரி, நான் தலையிடேல்ல. என்ட கணக்கில 50ல ஒரு பத்துப் பன்னிரண்டு வெளியாக்கள் இருக்கலாம். ‘எ டெஸ்ட் ஒஃப் வில்’ மூண்டும் போடுங்க, ஒரு ரிசோர்ஸ், எதிரிக் கட்டில இருந்து வாற ‘திறந்த உடனே நடக்கும்’ எண்ட கெடுதியை ரத்துச் செய்யும், ஸ்பிரிட் நிறம் இருந்தும் இதைப் போடாத டெக்கை நான் நம்புறதில்லை. ‘அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்’ ஒண்டு ரெண்டு, ஒரு ஹீரோ ரவுண்டில ரெண்டு வேலை செய்யலாம். கண்டால்ஃப், அஞ்சு ரிசோர்ஸ், எந்த நிறத்தாலயும் குடுக்கலாம், வந்த உடனே மூண்டு காட் எடுக்கலாம், இல்லாட்டி ஒரு எதிரிக்கு நாலு அடி, இல்லாட்டி த்ரெட் அஞ்சு குறைக்கலாம், ரவுண்ட் முடிய போயிடுவார். அவரும் வந்து வேலை செய்திட்டுப் போற ஆள் தானே, ரோஹானுக்குப் பொருத்தம். அதோட இந்த டெக்கில காட் இழுக்கிற வழி மிச்சம் குறைவு, ஏயோவின் வேற கையைச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பா, அவர்ட மூண்டு காட் பெரிய உதவி.

இப்ப தான் கோஒப் எண்டதின்ர ருசி. தடுக்க ஆளில்லாத ஓட்டையை நீங்களே அடைக்கத் தேவையில்லை. பக்கத்தில இருக்கிறவர் கொண்டோர் டெக் கொண்டு வரட்டும், பெரெகொண்ட் எண்ட ஹீரோவுக்கு டிஃபென்ஸ் நாலு, சென்டினல் எண்ட சொல்லும் இருக்கு, அது இருந்தா மற்றவரோட மோதிற எதிரியையும் போய்த் தடுக்கலாம். ட்ரோல் உங்கட்ட வரட்டும், பெரெகொண்ட் தடுப்பான், ஆறில நாலு போய் ரெண்டு காயம், ஒருத்தரும் சாகேல்ல, ஏயோமர் நிம்மதியா அடிக்கலாம். ட்ரோலை அவர் பக்கம் இழுத்துவிட்டா என்ன எண்டா, ரேஞ்ச்ட் எண்ட சொல் இல்லாத ஆள் மற்றவர்ட எதிரியை அடிக்க ஏலாது, ஏயோமருக்கு அது இல்லை. இப்பிடிச் சின்ன விஷயம் எல்லாம் மேசைக்கு வர முன்னம் கதைச்சுக்கொள்ளுங்க. முக்கியமா யுனிக் காட் ரூல் மேசை முழுக்கச் செல்லும், ரெண்டு பேரும் ஏயோவினோட வந்து இறங்கினா ஒருத்தர் டெக்கைப் பிரிக்கத் தான் வேணும், போயா லீவு கிடைச்சு நாலு பேர் வெள்ளவத்தைல ஒரு ஃப்ளட்டில சேர்ந்து பிளேன் டீயும் ஊத்தி வச்சிட்டு இதைக் கண்டுபிடிக்கிறது விசர். ஒரு வாட்ஸப் மெசேஜ் காணும்.

பெட்டி எங்க எடுக்கிறது எண்டு கேப்பீங்க. கொழும்பில எங்கட ஆக்கள் வழமையாச் செய்யிறது தான், லண்டன்ல இருந்தோ டொரொன்டோல இருந்தோ வாற சொந்தக்காரர்ட்ட சொல்லி விடுறது. சொல்லேக்க பேரைச் சரியாச் சொல்லுங்க, 2022ல திருத்தின கோர் செட், அதோட தீம் டெக் தான் வேணும் எண்டா ரெடிமேட் ஸ்டார்ட்டர் டெக் நாலு இருக்கு, ட்வார்ஃப், லோரியன் எல்ஃப், கொண்டோர், ரோஹான் எண்டு. அதில ஒண்டை வாங்கி, ஏன் இந்தக் காட்டை வச்சாங்க எண்டு ஒவ்வொண்டாப் பார்த்தாலே பாதிப் பாடம். நான் மேல சொன்ன காட்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில வராது. இல்லாததை பக்கத்து கொம்யூனிகேஷன்ல பிரிண்ட் எடுத்து, வெட்டி, பழைய காட் ஒண்டுக்கு முன்னால வச்சு ஸ்லீவுக்குள்ள, அதாவது காட்டுக்குப் போடுற பிளாஸ்டிக் உறைக்குள்ள, போட்டா வீட்டில விளையாட ஒரு பிரச்சினையும் இல்லை, நல்லா ஓடினா பிறகு வாங்கலாம். ஸ்லீவ் எப்பிடியும் வேணும், 63.5க்கு 88 மில்லிமீட்டர் சைஸ், எங்கட கடற்கரைப் பக்கத்து ஈரத்துக்கு காட் அப்பளம் மாதிரி வளையும்.

டெக் கட்டினாப் பிறகு முதல் சினாரியோ மெர்க்வுட் வனத்தில ஓட விடுங்க, அதின்ர கஷ்ட எண் 1. கையில கிடந்து கிடந்து போட முடியாமப் போன காட் எது எண்டு மட்டும் ஒவ்வொரு கேமிலயும் குறிச்சு வையுங்க, தோத்ததா வெண்டதா எண்டது அவ்வளவு முக்கியமில்லை. ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தா அதை எடுத்திட்டு வேற போடுங்க, ஒரு நேரத்தில ரெண்டு மூண்டுக்கு மேல மாத்தாதீங்க, எது வேலை செய்தது எண்டு தெரியாமப் போயிடும். பிறகு ஆண்டுயின், கஷ்ட எண் 4, ட்ரோலைச் சந்திக்கலாம். மூண்டாவது டொல் குல்டூர், 7, அங்க தொடக்கத்திலயே ஒரு ஹீரோவைக் குலுக்கல் முறையில சிறைப் பிடிச்சிடுவாங்க. ஏயோமர் பிடிபட்டா இந்த டெக்கில கூட்டாளிகள் போறதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். அதால அந்த சினாரியோவில தோத்திட்டு டெக் சரியில்லை எண்டு பிரிச்சுப் போடாதீங்க, தனியப் போகாம கொண்டோர்க்காரரையும் கூட்டிக்கொண்டு போங்க.